காகிதத்தில் ஒரு புல்லட்... கனம் எவ்வளவு தெரியுமா?

பக்கத்தில் ஏ4 தாள் இருக்கிறதா? ஒன்றே ஒன்றை உருவி உள்ளங்கையில் வையுங்கள். என்ன கனம் இருக்கும்? ஜெராக்ஸ் கடைகளில் போடும் 80 ஜி.எஸ்.எம். தாள் என்றால், அச்சு அசலாக 5 கிராம்! அதெப்படி இவ்வளவு ரவுண்டாக? ஏ0 என்ற பெரிய தாளின் பரப்பு 1 சதுர மீட்டர், கனம் 80 கிராம். அதை 16 ஆக நறுக்கினால் ஏ4. 80-ஐ 16-ஆல் வகுங்கள். ஐந்து!

இப்போது தெருவில் நிற்கும் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். சுமார் 190 கிலோ. தராசில் ஒரு தட்டில் அதை ஏற்றினால், மறு தட்டில் எத்தனை தாள் வைக்க வேண்டும் தெரியுமா? 38,000! ஐந்நூறு தாள் கட்டாக வாங்கினால் 76 கட்டு!

அதே புல்லட்டைப் பத்தில் ஒரு பங்கு அளவில் காகிதத்தில் செய்தால்? டேங்க், சைலன்சர், செயின், ஸ்போக்ஸ் கம்பி ஒன்றுகூடக் குறையாமல்? கொஞ்சம் தடித்த தாளாக 20 இருந்தால் தாராளம். அதிலும் பாதி, வெட்டிப் போட்ட துண்டு துக்கடாவாகக் குப்பைக்குப் போய்விடும். கையில் நிற்கும் வண்டியின் கனம், இரண்டு பூவன்பழம்!

இரும்பில் இருப்பதைக் காகிதத்தில் செய்து, "நிஜமாகவே காகிதம்தானா?" என்று தட்டிப் பார்க்க வைக்கும் கிறுக்கர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்கள் கைவேலையைத்தான் பார்க்கப் போகிறோம். வாயை மூடிக்கொண்டு படியுங்கள், ஈ புகுந்துவிடும்!

யமஹா வேண்டுமா? சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்!

மோட்டார் சைக்கிள் கம்பெனி ஒன்றே தன் வண்டிகளைக் காகிதத்தில் இலவசமாக வாரிக் கொடுத்தது தெரியுமா? ஜப்பானின் இவாட்டா நகரில் தலைமையகம் வைத்திருக்கும் யமஹா மோட்டார்தான் அந்தப் புண்ணியவான்! தன் இணையதளத்தில் 'அதிநுட்பக் காகித மாதிரி' என்று ஒரு வரிசையே வைத்திருந்தது. இறக்கு, அச்சடி, வெட்டு, மடி, ஒட்டு. விலை? பூஜ்யம்!

என்னென்ன வண்டி என்கிறீர்கள்? பந்தய மைதானத்தில் சீறும் ஒய்.இசட்.ஆர்.-எம்1 இருந்தது. ஒய்.இசட்.எஃப்.-ஆர்1 இருந்தது. 1985-ல் 1,198 சி.சி. வி4 எஞ்சினோடு வந்து உலகத்தை மிரட்டிய வி-மேக்ஸ் இருந்தது! ஒட்டி முடித்த வி-மேக்ஸை நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்தால், நிஜ வண்டிக்காரர்களே ஒரு நொடி ஏமாந்துபோவார்கள்!

வண்டி மட்டுமா? உலகின் அரிய விலங்குகள், ஜப்பானின் அரிய விலங்குகள் என்று தனித்தனி வரிசைகள். பைக் கம்பெனிக்கும் மிருகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கொடுத்தார்களே, அதுதான் பெரிது!

இந்தக் கதையில் ஒரு வருத்தமும் உண்டு. 2018 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அந்தப் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

சரி, யமஹாவின் சின்னத்தை உற்றுப் பார்த்ததுண்டா? மூன்று கவைகள் குறுக்கே கிடக்கும். அவை ஸ்பேனர் அல்ல, ஸ்க்ரூடிரைவரும் அல்ல. வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கும் இசைக்கவைகள்! 1887-ல் தொராகுசு யமஹா என்பவர் ஹமமட்சு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழுதான ஓர் ஆர்கனைச் சரி செய்யப் போனார். சரி செய்ததோடு விட்டாரா? தானே ஒன்றைச் செய்தார். அதைக் கழியில் கட்டி, இன்னொருவரோடு சேர்ந்து தோளில் சுமந்துகொண்டு, ஹகோனே மலையைத் தாண்டி டோக்கியோவுக்கே நடந்தார்! சுமார் 250 கிலோமீட்டர்! எதற்கு? "சுருதி சரியா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று சங்கீதப் பள்ளிக்காரர்களிடம் கேட்க! அவர் தொடங்கிய ஆர்கன் கம்பெனியிலிருந்து 1955-ல் பிரிந்ததுதான் யமஹா மோட்டார். முதல் வண்டி ஒய்.ஏ.-1, 125 சி.சி. ஜப்பானியர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'சிவப்புத் தும்பி'!

நம் ஊர் ஆர்.எக்ஸ். 100 அந்தத் தும்பியின் பேரப்பிள்ளை முறை. வெறும் 98 சி.சி.தான், 11 குதிரைச்சக்தி. 1996-லேயே உற்பத்தி நின்றுபோனது. இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காத ஆள் உண்டா?

தோசையைப் பந்தின் மேல் போர்த்த முடியுமா?

காகித பைக் செய்பவர்களை அழவைக்கும் இடம் எது தெரியுமா? எஞ்சின் என்பீர்கள். இல்லை! பெட்ரோல் டேங்க்!

நம்பிக்கை இல்லையா? ஒரு தோசையை எடுத்துக் கால்பந்தின் மேல் போர்த்துங்கள். ஓரமெல்லாம் சுருங்கி மடிந்து நிற்கும். இல்லையென்றால் கிழியும். மூன்றாவது வழி கிடையாது! தட்டையான எதையும், இழுக்காமல் கிழிக்காமல், உருண்டையின் மேல் படிய வைக்கவே முடியாது. சொன்னது யார்? கணித மேதை கார்ல் ஃப்ரெடரிக் காஸ். எப்போது? 1827-ல்! மோட்டார் சைக்கிள் பிறப்பதற்கு 58 வருடம் முன்பே, காகித டேங்க் செய்வது வம்பு என்று கணக்கில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார் மனிதர்!

இரும்புத் தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் இழுபட்டுக் கொடுக்கும். காகிதம் கொடுக்குமா? கொடுக்காது. வளைக்கலாம், சுருட்டலாம், கூம்பாக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வளை என்றால் முறைத்துக்கொள்ளும்!

பிறகு எப்படித்தான் செய்கிறார்கள்? டெய்லர் எப்படி ரவிக்கைக்கு 'டாட்' பிடிக்கிறாரோ, அப்படி! டேங்க்கை ஆரஞ்சுச் சுளை மாதிரி நீளநீளமான பட்டைகளாகப் பிரித்து, ஓரங்களை மீன் வயிறு போல லேசாக வளைத்து வெட்டி, உள்ளே சின்னச் சின்ன ஒட்டுப் பல் வைத்து, ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டுகிறார்கள். பட்டை எண்ணிக்கை கூடக்கூட வழவழப்பு கூடும். கூடவே செய்பவரின் ரத்தக் கொதிப்பும்!

நானும் ஒரு தடவை முயன்றேன். ஏழு பட்டையும் கச்சிதமாக உட்கார்ந்தது. எட்டாவது பட்டைக்கு அரை மில்லிமீட்டர் இடம் போதவில்லை. அரை மில்லிமீட்டர்தானே என்று அமுக்கினேன். படீர்! முதல் பட்டை எழுந்து நின்றது. அந்த டேங்க் இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது, குண்டூசி போட்டுவைக்க!

ஈர்க்குச்சி, ரீஃபில், ஜியோமெட்ரி பாக்ஸ்

இந்த வேலைக்குப் பெரிய கருவிகள் வேண்டுமோ? வேண்டாம்! மை தீர்ந்த ரீஃபில் ஒன்று. எதற்கு? மடிக்கப்போகும் கோட்டின் மேல் அழுத்தி இழுக்க. காகிதம் கிழியாது, கோடு மட்டும் பள்ளமாகும், மடிப்பு கத்தி மாதிரி விழும்! பசை தடவ? தென்னை ஈர்க்குச்சியின் நுனி. பிரஷ்ஷால் தடவினால் பசை வழிந்து மானத்தை வாங்கிவிடும்.

பஞ்சிங் மெஷினில் துளை போட்டால் வட்ட வட்டமாகத் துணுக்கு விழுமே, குப்பையில் கொட்டுவீர்களே? கொட்டாதீர்கள்! அதன் குறுக்களவு சுமார் 6 மில்லிமீட்டர். பத்தில் ஒரு பங்கு வண்டிக்கு அதுதான் இண்டிகேட்டர் கண்ணாடி! ஆரஞ்சு வண்ணத் தாளில் நாலு துளை போட்டால் நாலு இண்டிகேட்டரும் ரெடி!

பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸ் இருந்தால் உலகின் பிரபல எஞ்சின்களையே செய்துவிடலாம் தெரியுமா? ஹார்லி-டேவிட்சனின் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே உள்ள கோணம் 45 டிகிரி. மூலைமட்டத்தின் சாய்ந்த பக்கத்தை வைத்துக் கோடு போடுங்கள். டுகாட்டி வேண்டுமா? 90 டிகிரி. அதே மூலைமட்டத்தின் நேர் மூலை! 1923-ல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்32? இரண்டு சிலிண்டரும் இரண்டு பக்கமாகக் கை நீட்டி நிற்கும், 180 டிகிரி. அதற்கு மூலைமட்டமே வேண்டாம், ஸ்கேல் போதும்!

காகிதத்துக்கும் மரம் போல 'ஓட்டம்' உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பழைய செய்தித்தாளை நெடுவாக்கில் கிழியுங்கள். கோடு போட்டது போல நேராகக் கிழியும். குறுக்கே கிழியுங்கள். கோணல்மாணல்! மில்லில் காகிதம் எந்தத் திசையில் ஓடுகிறதோ, நார்கள் பெரும்பாலும் அந்தத் திசையில் படுத்துக்கொள்கின்றன. ஹேண்டில்பாருக்குத் தாளைச் சுருட்டும்போது, இந்த ஓட்டம் குழாயின் நீளவாக்கில் வர வேண்டும். திசை மாறினால்? குழாய் நொறுங்கிய அப்பளம்!

எஞ்சினில் அடுக்கடுக்காகத் தகடு தெரியுமே, காற்றுபட்டுச் சூடு ஆற? அது ரொம்பச் சுலபம். பெரிய வட்டம், சின்ன வட்டம், பெரிய வட்டம், சின்ன வட்டம் என்று அட்டையில் வெட்டி அடுக்கினால் போதும். 12 தகடு வேண்டுமானால் 24 வட்டம். வெட்டுவதற்குள் கட்டை விரலில் காய்ப்பு காய்த்துவிடும், அது வேறு விஷயம்!

செயின்? நிஜ வண்டியின் செயினில் 100-க்கு மேல் கண்ணிகள். கண்ணிக்கு இரண்டு தகடு, ஓர் உருளை. ஆகமொத்தம் 300 துண்டுக்கு மேல், செயினுக்கு மட்டும்!

ஸ்போக்ஸ் கம்பி சக்கரத்துக்கு 36 அல்லது 40. நிஜத்தில் கம்பியின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். பத்தில் ஒரு பங்கு என்றால் 0.3 மில்லிமீட்டர். அதாவது ஏ4 தாள் மூன்றை ஒட்டினால் வரும் கனம்! அந்த அளவுக்குச் சன்னமாகக் காகிதத்தை முறுக்க வேண்டும். பாதிப் பேர் தையல் நூலைக் கட்டிச் சமாளித்துவிடுவார்கள். கறார் பேர்வழிகள் இதற்கு ஒப்புவதே இல்லை. "காகிதம் என்றால் காகிதம்தான்!"

ஊசி ஊரில் பிறந்த துப்பாக்கிக் குண்டு

ராயல் என்ஃபீல்டின் முன்னோர்கள் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? தையல் ஊசி! இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ஊசிக்குப் பேர்போனது. அங்கே ஊசி செய்த ஒரு தொழிற்கூடம் சைக்கிளுக்குத் தாவி, சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தாவியது. 1932-ல் பிறந்தது புல்லட். 1955-ல் அது சென்னைக்கு வந்தது, திருவொற்றியூரில் வேர் விட்டது. இங்கிலாந்தில் கடையைக் கட்டிய பிறகும் நம் ஊரில் டுப்பு டுப்பு நிற்கவே இல்லை!

இன்னொரு சங்கதி கேளுங்கள். கரூர் பக்கம் ஓர் ஊரின் பெயரே காகிதபுரம்! அங்கே டி.என்.பி.எல். ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். அந்தத் தாளில் ஒரு புல்லட் செய்தால் அது என்ன வண்டி? கரும்பு வண்டி! எறும்பு வருமா என்று கேட்காதீர்கள், சாறெல்லாம் சர்க்கரை ஆலையிலேயே போய்விட்டது.

ஹோண்டா சூப்பர் கப் தெரியுமா? 1958-ல் வந்த குட்டி வண்டி. 2017-ல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது! உலகத்தில் எஞ்சின் வைத்த எந்த வண்டியும் அதற்குமுன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அதற்குக் கிளட்ச் லீவரே கிடையாது. காகிதத்தில் செய்பவருக்கு ஒரு லீவர் மிச்சம்!

உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் எதனால் ஆனது தெரியுமா? மரத்தால்! 1885-ல் ஜெர்மனியில் காட்லீப் டெய்ம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்தது. 264 சி.சி., அரைக் குதிரைச்சக்தி, வேகம் மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். நம் ஊர் சைக்கிள் பால்காரர் மணியடித்துக்கொண்டே முந்திவிடுவார்! டெய்ம்லரின் மகன் பால் ஓட்டிப் போனபோது எஞ்சின் சூட்டில் சீட்டே தீப்பற்றியது! அந்த வண்டி இப்போது எங்கே? 1903-ல் தொழிற்சாலையில் பிடித்த தீயில் சாம்பல். மியூசியங்களில் நிற்பதெல்லாம் நகல்கள். மரத்தில் செய்தது போயிற்று, மரக்கூழில் செய்து வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறதல்லவா?

இன்னும் வாய் பிளக்க...

காகிதத்திலேயே ஓடுகிற எஞ்சின் பார்த்திருக்கிறீர்களா? அலெக்செய் ஷோல்னர் என்பவர் செய்து காட்டினார். பிஸ்டன் காகிதம், சிலிண்டர் காகிதம், கிராங்க் காகிதம். வி6 செய்தார், வி8 செய்தார்! பெட்ரோல்? ஐயோ, பற்றிக்கொள்ளும்! பிறந்தநாள் பலூனை ஊதி மாட்டுகிறார். பலூன் சுருங்கச் சுருங்க எஞ்சின் கடகடவென்று சுற்றுகிறது! அதே மனிதர் காகிதத்தில் இன்னொன்றும் செய்தார். என்ன தெரியுமா? வாசிக்கக்கூடிய ஆர்கன்! தொராகுசு யமஹா இருந்திருந்தால் அதையும் கழியில் கட்டித் தூக்கியிருப்பார்!

அரசு அலுவலகத்தில் பார்ப்போமே, மணிலா ஃபைல் அட்டை? அதை வெட்டியே ஒரு போயிங் 777 செய்தார் அமெரிக்க இளைஞர் லூக்கா இயகோனி-ஸ்டூவர்ட். 60-இல் ஒரு பங்கு அளவு. 2008-ல் தொடங்கியவர் வருடக்கணக்காக அதிலேயே குடியிருந்தார். எந்த கம்பெனி விமானம் தெரியுமா? நம்ம ஏர் இந்தியா! சக்கரம் உள்ளே மடங்கும், கதவு திறக்கும். சாதாரண வகுப்பு சீட் ஒன்றைச் செய்ய 20 நிமிடம், முதல் வகுப்பு சீட்டுக்கு 8 மணி நேரம்! காகிதத்திலும் முதல் வகுப்புக்குத் தனி மரியாதைதான்!

2015-ல் லண்டனில் லெக்சஸ் கார் ஒன்றை நிஜ அளவில் அட்டையிலேயே செய்தார்கள். 1,700 அட்டைகள், ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் கனம். மின்மோட்டார் வைத்து ஓட்டியும் காட்டினார்கள்! உள்ளே இரும்பு, அலுமினியச் சட்டம் இருந்தது. அதனால் என் மார்க் பாதிதான். முழு மார்க் யாருக்கு? இத்தாலியின் ஊடினே நகரில் வசிக்கும் சிற்பி கிறிஸ் கில்மோருக்கு! சைக்கிள், டைப்ரைட்டர், பியட் 500 கார் எல்லாம் நிஜ அளவில் செய்கிறார். உள்ளே சட்டமே கிடையாது, அட்டையும் பசையும் மட்டும்! அட்டை எங்கிருந்து? கடைகளில் தூக்கிப் போடும் பெட்டிகள்!

இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பொம்மைக்கு எங்கே போவது? 1941-ல் இங்கிலாந்தில் ஜெஃப்ரி ஹெய்வே, தபால் அட்டை அளவுத் தாளில் கட்டடமும் ரயிலும் அச்சடித்து விற்றார். மைக்ரோமாடல்ஸ் என்று பெயர். போலந்தில் 'மாவி மாடலாஷ்' என்ற பத்திரிகை 1957-லிருந்து விமானம், கப்பல் என்று காகித மாதிரிகளை அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. கத்தரி இருந்தால் போதும், பத்திரிகையே பொம்மை!

"காகிதச் சக்கரம் எத்தனை நாளைக்கு?" என்று உதட்டைப் பிதுக்குகிறீர்களா? நிஜ ரயிலே காகிதச் சக்கரத்தில் ஓடியிருக்கிறது! பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்காவில், ரிச்சர்ட் ஆலன் என்பவர் செய்தது. வைக்கோலில் செய்த அட்டைத் தாள்களைப் பசை தடவி அடுக்கி, கல் மாதிரி அழுத்தி, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டார். யார் வாங்கினார்கள்? புல்மேன் சொகுசுப் பெட்டிக்காரர்கள்! ஏன்? இரும்புச் சக்கரத்தைவிடச் சத்தமும் குலுக்கலும் குறைவு. பயணிகள் நிம்மதியாகத் தூங்கினார்கள்!

ஆசை வந்துவிட்டதா? எடுத்த எடுப்பில் வி-மேக்ஸுக்குப் போகாதீர்கள். கேனன் கம்பெனியின் கிரியேட்டிவ் பார்க் தளத்தில் இலவச மாதிரிகள் இன்னும் கிடைக்கின்றன. சின்னதாக ஒன்றில் தொடங்குங்கள். ஈரக்கையோடு தொடாதீர்கள், 5 கிராம் தாள் உப்பி 6 கிராம் ஆகிவிடும். முடிந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். இல்லையென்றால் இராமபாணப் பூச்சி டயரிலிருந்து ஆரம்பித்து டேங்க் வரை பஞ்சர் போட்டுவிடும்!

முக்கியமாக ஒன்று. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள். ஸ்டாண்டை எடுக்காமல், கிக்கரை உதைக்காமல், வண்டி தானே கிளம்பிவிடும்!